வயதானவருக்கு அக்கி: முதல் பார்வையில் எதை, எந்த வரிசையில் கவனிப்பது?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு விலாவில் எரிச்சலும் கொப்புளமும் கண்டால், அவர் முதலில் போகிற இடம் ஆஸ்பத்திரி இல்லை. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டுக்குப் போய், காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசி அக்கி எழுதிக்கொள்வார். இல்லையென்றால் மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுவார். "சித்திரைத் திருவிழாவுல வெயில்ல நின்ன சூடு" என்று வீட்டில் ஒரு காரணமும் சொல்லிவிடுவார்கள். நம்மிடம் வந்து சேரும்போது மூன்று நான்கு நாள் ஓடியிருக்கும். இந்த நோயில் வைத்தியத்துக்குப் பலன் அதிகம் கிடைப்பது அந்த முதல் மூன்று நாளில்தான்.

அதனால் இந்த வழிகாட்டி, நோயாளியை முதலில் பார்க்கக்கூடியவர்களுக்காக: துணை சுகாதார நிலையச் செவிலியர், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறவர்கள், மருந்துக்கடையில் நிற்பவர்கள், வீட்டில் பெரியவர்களைக் கவனிக்கிற மகள், மருமகள், பேரப்பிள்ளைகள். மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. ஆனால் அவரிடம் எவ்வளவு சீக்கிரம், என்ன தகவலோடு அனுப்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன வயதில் சின்னம்மை வந்து போன பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலும் தலையிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அந்த நரம்பு போகிற வழியே தோலுக்கு வரும். வழியில் நரம்பையே புண்ணாக்கிக்கொண்டு வருவதால்தான் வலி இவ்வளவு கொடுமையாக இருக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதல் வேலை: நாளைக் கேட்பது

சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே இதைக் கேளுங்கள். "எப்ப இருந்து?" என்று மொட்டையாகக் கேட்டால் சரியான பதில் வராது. இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள்: "அப்பத்தா, வலி எரிச்சல் எப்ப ஆரம்பிச்சுச்சு? முதல் கொப்புளம் எப்பக் கண்ணுல பட்டுச்சு?" இந்த இரண்டும் ஒரே நாள் இல்லை. பெரும்பாலும் வலி இரண்டு மூன்று நாள் முன்னால் வரும். சிலருக்கு அதற்கும் முன்னால். வைரஸுக்கு எதிரான மாத்திரையைத் தொடங்க மருத்துவர்கள் கணக்கிடும் 72 மணி நேரம், கொப்புளமோ சிவப்போ முதலில் தெரிந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. வலி தொடங்கிய நாளிலிருந்து எண்ணிவிட்டு "நேரம் போயிடுச்சு" என்று கைவிடுவது பெரிய நஷ்டம்.

பெரியவர்களுக்குத் தேதி நினைவிருக்காது. ஊர் நடப்பை வைத்துக் கேளுங்கள்: சந்தை நாளுக்கு முன்பா பின்பா, பென்ஷன் பணம் வாங்கப் போனபோது இருந்ததா, கடைசியாக என்றைக்குத் தலைக்கு ஊற்றிக் குளித்தார். அக்கி எழுதியிருந்தால் இன்னும் நல்லது, அந்த நாளைக் கேளுங்கள். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் யாரும் எழுதப் போவார்கள். ஆகவே எழுதிய நாளுக்கு ஓரிரு நாள் முன்னால்தான் கொப்புளம் வந்திருக்கும். எழுதிக்கொண்டதற்காகத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது.

72 மணி நேரம் தாண்டிவிட்டது என்றாலும் அனுப்ப வேண்டும். புதிதாக இன்னும் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், முகத்தில் இருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால், தாமதமானாலும் மருத்துவர்கள் மாத்திரை தொடங்குவார்கள்.

இரண்டாவது: முகமா, உடம்பா

நெற்றி, மேல் இமை, மூக்கு, தலைமுடிக்குள் என்று ஒரு பக்கமாகக் கொப்புளம் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கண்ணைப் பாருங்கள். மூக்கின் நுனிக்கும் பக்கவாட்டுக்கும் போகிற அதே நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் இருந்தாலே கண்ணுக்குள் நோய் போக வாய்ப்பு அதிகம். இதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். மூக்கு நுனி சுத்தமாக இருப்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. நெற்றியில் இருந்தாலே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, மற்ற கண்ணால் உங்கள் விரலை எண்ணச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட மங்கலா, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறதா, வெள்ளைவிழி சிவந்திருக்கிறதா, இமை வீங்கி மூடிக்கிடக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். மதுரையில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது, அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறினால் அன்றே பார்த்துவிட்டுத் திரும்பலாம். மெடிக்கலில் சும்மா ஒரு கண் சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு சில கண் நோய்களில் கருவிழியையே கெடுத்துவிடும். தோல் ஆறி வரும்போதும், ஆறிய பிறகும்கூடக் கண்ணில் தொந்தரவு தலைதூக்கலாம். ஆகவே மறுபடி வரச் சொன்ன தேதியில் போயே ஆக வேண்டும்.

காதையும் விட்டுவிடாதீர்கள். காதுக்குள், காது மடலில், அண்ணத்தில் கொப்புளம், அதோடு வாய் கோணல், கண் மூட முடியாமை, தலைசுற்றல், காது மந்தம் ஏதாவது இருந்தால் அதுவும் அன்றே அனுப்ப வேண்டியதுதான். "பல்லைக் காட்டுங்க, கண்ணை இறுக்கி மூடுங்க" என்று சொல்லிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகத்தில் காவி பூசியிருந்தால் மூக்கு நுனியும் இமையும் தெரியாது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் கிருமி ஏற வழி ஆகிவிடும் என்பதையும் அப்போது பக்குவமாகச் சொல்லலாம். என் யோசனை, ஊர் வேளாரிடமே பேசி வைப்பது. விளாச்சேரியானாலும் வேறு எந்த ஊரானாலும், அக்கி எழுதுகிறவர் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. "மூஞ்சியில வந்தா எழுதாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விடுங்க" என்று அவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டால், அவர் வாய்ச்சொல் நம் நோட்டீஸைவிட வேகமாக வேலை செய்யும்.

மூன்றாவது: சட்டையைக் கழற்றி முழுதாகப் பார்ப்பது

சேலை முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கதவைச் சாத்தி, வீட்டுப் பெண் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் பாருங்கள். பகல் வெளிச்சம் நல்லது.

அக்கி என்றால் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி முன்னால் வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடும். "சுத்தி வந்து தலையும் வாலும் சேந்துட்டா ஆள் பிழைக்க மாட்டாங்க" என்று ஒரு பயம் ஊரில் உண்டு. நரம்பு பாதி உடம்புக்குத்தான் போகிறது, அதனால் சாதாரணமாக அது மறுபக்கம் தாண்டுவதில்லை என்று நடுக்கோட்டை விரலால் காட்டிச் சொல்லுங்கள். அந்த ஒரு விளக்கத்தில் பாதிப் பயம் போய்விடும்.

பாடப்புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலில் செக்கச் செவேல் என்று இருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அப்படித் தெரியாது; கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோதான் இருக்கும். புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ வைத்து மேடு பள்ளத்தைப் பாருங்கள்.

கிராமத்தில் எல்லாக் கொப்புளத்துக்கும் அக்கி என்று பேர் வைத்துவிடுவார்கள். பிரித்துப் பார்க்க வேண்டியவை சில: வயல் பக்கம் விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி தோலில் நசுங்கினால் கோடு போட்டதுபோல் எரிந்து கொப்புளிக்கும், மடிப்பில் ஒட்டுகிற எதிர்ப்பக்கத்திலும் அதே அச்சு இருக்கும், நரம்பு வழியைப் பின்பற்றாது. தைலம், பச்சிலை ஒத்துக்கொள்ளாமல் வந்தது பூசிய இடம் முழுக்கப் பரவி அரிக்கும். உதட்டிலும் பிறப்புறுப்பிலும் அடிக்கடி ஒரே இடத்தில் வந்து போவது வேறு வைரஸ். சந்தேகம் இருந்தால் கொப்புள நீரைப் பரிசோதனைக்கு எடுக்க முடியும். ஆனால் முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பார்த்ததைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், தேதியோடு. இரண்டு நாள் கழித்துப் புதுக் கொப்புளம் வந்ததா என்ற கேள்விக்கு ஞாபகத்தைவிடப் படம்தான் நம்பகமான பதில்.

பட்டைக்கு வெளியே, உடம்பின் மற்ற இடங்களில் அங்கங்கே கொப்புளம் தெரிகிறதா என்று கட்டாயம் தேடுங்கள். ஒன்றிரண்டு இருக்கலாம். இருபதுக்கு மேல் இருந்தால் வைரஸ் இரத்தத்தில் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

நான்காவது: வலியைக் கேட்பது

இந்த மதிப்பீட்டில் அவசரமாகத் தாண்டிவிடுகிற இடம் இதுதான், நான் நிதானமாக நிற்க விரும்புகிற இடமும் இதுதான். நம் ஊர்ப் பெரியவர்கள், குறிப்பாகக் காடு கழனியில் உழைத்த ஆண்கள், வலியைச் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணும் இல்லப்பா, லேசா எரியுது" என்பார். அவரிடம் கேட்டுவிட்டு மருமகளிடமும் கேளுங்கள்: ராத்திரி தூங்குகிறாரா, சட்டை போடுகிறாரா, வழக்கமான சாப்பாடு இறங்குகிறதா. நான்கு நாளாக வெறும் மேலோடு உட்கார்ந்திருக்கிறார், துண்டு பட்டால்கூடச் சுளிக்கிறார் என்று அவள் சொன்னால் அது லேசான வலி இல்லை.

பூஜ்யத்திலிருந்து பத்து என்று எண் கேட்பது பலருக்குப் பிடிபடாது. "ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். எழுபது எண்பது பைசா என்றால் அன்றே வலி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அடுத்த முறையும் அதே அளவுகோலில் கேட்டு எழுதுங்கள்.

எவ்வளவு என்பதோடு எப்படி என்றும் கேளுங்கள். மிளகாய் அரைத்துப் பூசியது போன்ற எரிச்சலா, கரண்ட் அடிக்கிற மாதிரி சுருக் சுருக்கென்று வருகிறதா, உள்ளே கடுக்கிறதா, மரத்துப்போய் இருக்கிறதா. எரிச்சலும் கரண்ட் அடிப்பதும் நரம்பு வலி. வெறும் பாரசிட்டமால் அதைப் பாதிதான் தொடும், வேறு வகை மருந்து தேவைப்படலாம். பிறகு பஞ்சின் நுனியை எடுத்து, முதலில் நல்ல பக்கத்தில் தடவி "இப்படித்தான் இருக்கும்" என்று காட்டிவிட்டு, கொப்புளத்துக்குச் சற்றுத் தள்ளி நோயுள்ள பக்கத்தில் தடவுங்கள். பஞ்சு பட்டதற்கே துடித்தால் அதை அப்படியே மருத்துவருக்கு அனுப்பும் சீட்டில் எழுதுங்கள்.

மறதி நோய் உள்ளவர்கள், பேச்சு போனவர்கள் விஷயத்தில் முகச்சுளிப்பு, முனகல், வேக மூச்சு, உடம்பை இறுக்கிக்கொள்வது, தொடும்போது கையைத் தட்டிவிடுவது, சமாதானப்படுத்த முடியாமை இவற்றைப் பாருங்கள். துணி மாற்றும் நேரத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். திடீரென்று முரண்டு பிடிக்கிற, இரவில் உளறுகிற பாட்டிக்குக் காரணம் முதுகில் இருக்கிற அக்கியாக இருக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கொப்புளம் வருவதற்கு முன் இடது நெஞ்சில் வருகிற வலியை மாரடைப்பு என்றும், வலது விலா வலியைப் பித்தப்பை என்றும் நினைப்பதுண்டு. தலைகீழாகவும் நடக்கும்: கொப்புளத்தைப் பார்த்துவிட்டு எல்லா நெஞ்சு வலியையும் அக்கி மேல் போட்டுவிடுவோம். வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, வலி தாடைக்கும் கைக்கும் போகிறது என்றால் கொப்புளம் இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்க அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: "இந்த வலியில வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி இருக்கா ஐயா?" தூக்கமில்லாத வலி வயதானவர்களை அந்த எண்ணத்துக்குத் தள்ளக்கூடியது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

ஐந்தாவது: மாத்திரை டப்பாவும் சிறுநீரகமும்

எல்லா மாத்திரையையும் தரையில் கொட்டிப் பாருங்கள். பேர் தெரியாமல் கடையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரையையும் சேர்த்து. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டு, முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், புற்றுநோய் மருந்து, சிறுநீரக மாற்று மருந்து ஆகியவை எதிர்ப்புச் சக்தியை அமுக்குபவை. இவற்றைச் சாப்பிடுகிறவர்களைத் துணை நிலையத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கொப்புளம் அதிகம் பரவியிருந்தாலோ, எடை குறைந்துகொண்டே வந்தாலோ, நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனைக்கும் மருத்துவர் சொல்வார். வயதானவர் என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

சிறுநீரகம் ஏன் முக்கியம் என்றால், வைரஸ் மாத்திரை வெளியேறுவது அதன் வழியாகத்தான். வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை, 7 நாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியவர்களுக்கு இதைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் குழப்பம், உளறல், கை நடுக்கம் வரலாம். ஆகவே பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு, எடை, சர்க்கரை அளவு மூன்றையும் கூட அனுப்புங்கள். நோயும் வலியும் சர்க்கரையை ஏற்றிவிடும். புரூஃபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், வயதான சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. மேலே பூசுகிற அசைக்ளோவிர் களிம்பு மாத்திரைக்கு ஈடாகாது.

பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைப்பது இந்த இடத்தில்தான் கேடு செய்கிறது. மே மாத வெயிலில், வியர்வையில், தண்ணீர் குடிக்காமல் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் தவிர மற்றவர்கள் தாராளமாகக் குடிக்க வேண்டும். கஞ்சி, மோர், இட்லி, பருப்பு, முட்டை எதையும் விலக்க வேண்டியதில்லை.

அன்றே அனுப்ப வேண்டியவர்கள்

கண், காது, முகம் பற்றிச் சொல்லிவிட்டேன். மற்றவை: கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பு, புதிதாக வந்த குழப்பம், கை கால் பலவீனம், பேச்சுக் குளறல். பிட்டத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் வந்த அக்கியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது. நாம் கேட்டால் ஒழியப் பெண்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். காய்ச்சலோடு சுற்றியுள்ள தோல் சிவந்து, சூடாகி, சீழ் வைத்துப் பரவுவது. எதுவும் விழுங்க முடியாமல் சோர்ந்து கிடப்பது.

அனுப்பும் சீட்டில் முதல் வரியாகக் கொப்புளம் தோன்றிய நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அப்புறம் இடம், எந்தப் பக்கம், கண் பார்வை, ரூபாய்க் கணக்கில் வலி, காய்ச்சல், பிரஷர், சர்க்கரை, மாத்திரைகள், ஒவ்வாமை. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் அந்த முதல் வரி நோயாளிக்கு முன்னுரிமை வாங்கித் தரும்.

வீட்டையும் ஒரு பார்வை

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற பேத்தி, கைக்குழந்தை, புற்றுநோய் வைத்தியத்தில் இருப்பவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா? கொப்புள நீர் பட்டால் அவர்களுக்கு அக்கி வராது. ஆனால் சின்னம்மை வராதவர்களுக்கு, தடுப்பூசி போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது ஆபத்து. கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள், மெல்லிய பழைய பருத்தி வேட்டித் துணியால் மூடி வையுங்கள், துண்டும் படுக்கையும் தனியாக இருக்கட்டும். சின்னம்மை வந்ததில்லை என்கிற கர்ப்பிணிக்குக் கொப்புளம் பட்டுவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரியவரைத் திண்ணையில் ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியம் கிடையாது.

குளிக்கலாம். சாதாரணத் தண்ணீர், லேசான சோப்பு, ஒற்றித் துடைப்பது. ஊசியால் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காலமைன் பூசலாம்.

தனியாக வாழ்பவரா என்றும் பாருங்கள். ஐந்து வேளை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். வலியால் தூங்காதவர் ராத்திரி எழுந்து தடுமாறி விழக்கூடும். நரம்பு வலிக்குக் கொடுக்கிற கபாபென்டின், பிரிகாபலின் மயக்கத்தை இன்னும் கூட்டும். அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், சிலருக்குக் குழப்பம் வரலாம். அதனால் முதல் சில இரவுகளுக்குக் கூட ஒருவர் படுப்பது நல்லது.

மறுபடி பார்ப்பது

இரண்டு மூன்று நாளில் ஒருமுறை: புதுக் கொப்புளம் நின்றதா, மாத்திரையைச் சரியாக எடுக்கிறாரா, சிறுநீர் போகிறதா, கண் எப்படி. பத்து நாளில் ஒருமுறை: பொருக்கு, சீழ், வலி. அதன்பின் ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும். தோல் ஆறி மூன்று மாதமாகியும் அதே இடத்தில் எரிச்சல் நீடித்தால் அது அக்கிக்குப் பின் வருகிற நரம்பு வலி. வயது கூடக் கூட, தொடக்க வலி கடுமையாக இருக்க இருக்க, அது நீடிக்க வாய்ப்பு அதிகம். "அக்கிதான் ஆறிடுச்சே" என்று வீட்டார் நம்பாமல் போகிற கட்டம் அது. அப்போது அவர் பொய் சொல்லவில்லை, நரம்பு இன்னும் ஆறவில்லை என்று வீட்டாரிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்துக்கும் மறுபடி அனுப்ப வேண்டும்.

அக்கி மறுபடியும் வரலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இப்போது இருக்கிற அக்கியை அது குணமாக்காது. தோல் முழுக்க ஆறிய பிறகு அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம், அதே வயதில் இருக்கிற வீட்டின் மற்ற பெரியவர்களுக்கும் சேர்த்து. விலை அதிகம்தான்.